நாற்சார் வீடும் அதன் கோடிப்புறமும்: யாழ்ப்பாணத்து வளவு வீடு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்தின் பழைய நாற்சார் வீடுகள் பற்றி அண்மைக் காலத்தில் வெளிவரும் எழுத்துக்களிற் பெரும்பாலானவை ஒரே வகையான ஏக்கத்தின் பாற்பட்டனவாக உள்ளன. நடுமுற்றத்தில் விழும் நிலவு, தூண்களின் வேலைப்பாடு, திண்ணையின் குளிர்ச்சி, கூடி வாழ்ந்த குடும்பம் என்பன அவற்றில் மீண்டும் மீண்டும் இடம்பெறும். போரினால் அழிந்துபோன ஒன்றைப் பற்றிய துயரம் அவ்வெழுத்துக்களுக்குப் பின்னால் உண்டு; அத்துயரம் நியாயமானதே. ஆயினும் ஒரு கட்டடத்தை அதன் சொந்தக்காரரின் நினைவு வழியாக மாத்திரம் பார்த்தல் வரலாறாகாது. அதே வீட்டின் கோடிப்புறத்தில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தவனுக்கும் நினைவு உண்டு. நாற்சார் வீடு எத்தகைய உடைமை உறவுகளின் மீது, எவருடைய உழைப்பின் மீது எழுந்தது, அவ்வுறவுகள் மாறியபோது அது என்னவாயிற்று என்பதனையே இக்கட்டுரையில் நாம் நோக்க முனைகின்றோம்.

முதலில் வீட்டின் அமைப்பினைக் கூறிவிடுதல் நன்று. யாழ்ப்பாணத்தில் வீடு என்பது ஒரு வளவின் பகுதி. பனையோலையாலோ கிடுகாலோ அடைக்கப்பட்ட உயர்ந்த வேலி வளவினைத் தெருவிலிருந்து மறைக்கும். வேலியின் ஒரு பக்கத்திற் படலை இருக்கும். வசதி படைத்தோர் வளவுகளில் அப்படலையின் மேலே சிறு கூரையும், இருமருங்கும் அமர்வதற்குத் திண்ணைகளும் அமைந்திருக்கும். இதுவே சங்கடப்படலை எனப்படுவது. வழிப்போக்கர் இளைப்பாறவும் தாகந் தீர்க்கவும் அங்கே தண்ணீர்ப் பானை வைக்கப்பட்டிருக்கும். படலையைக் கடந்தால் பெருக்கிச் சாணந் தெளித்த முன்முற்றம். அதற்கப்பால் ஆடவர் அமர்ந்து வழக்குப் பேசும், கணக்குப் பார்க்கும் தலைவாசல். பழைய வளவுகளில் தலைவாசலும் வீடும் அடுக்களையும் ஒரு முற்றத்தைச் சூழ்ந்து தனித்தனிக் கட்டடங்களாக நின்றன. அவையெல்லாம் ஒரே கூரைத் தொடரின் கீழ்ச் சேர்ந்து, நடுவே வானம் பார்த்த முற்றமும் நாற்புறமும் சார்ப்புகளுமாக இறுகிய வடிவமே நாற்சார் வீடு எனலாம்.

வீட்டினுட் செல்லும் நிலை தாழ்ந்தது, கதவு தடித்தது. குனிந்தே உட்புகவேண்டும். நிலையின் மேற்கட்டையில் திருமகள் உருவமோ கொடிக்கோலமோ செதுக்கப்பட்டிருக்கும். உள்ளே நடுமுற்றத்தைச் சுற்றித் தூண்கள் தாங்கும் பத்திகள், அவற்றின் பின்னே அறைகள். இவ்வறைகள் பற்றி ஒன்று கூறவேண்டும். சாளரம் குறைந்த இருட்டறைகளாக அவை கட்டப்பட்டமைக்குக் காரணம் அறியாமையன்று. அவை பொருள் வைப்பதற்காக ஏற்பட்டவை. பெட்டகமும் அதனுள் நகையும் காணி உறுதிகளும், கொம்பறையில் நெல்லும், பானைகளில் ஒடியலும் அங்கே இருந்தன. ஆடவர் விறாந்தையிலும் தலைவாசலிலும் உறங்கினர். வீட்டின் மிகப் பாதுகாப்பான பகுதி மனிதருக்கன்றி உடைமைக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. அடுக்களைக்குப் பின்னால் கோடி: அங்கே கிணறும் துலாவும், மாட்டுக் கொட்டில், வைக்கோற்போர், புகையிலைக்குப் புகையூட்டும் குடில், விறகும் ஓலையும் அடுக்கிய இடம். கட்டடக்கலை பற்றி எழுதுவோரின் வரைபடங்கள் பெரும்பாலும் அடுக்களைச் சுவரோடு முடிந்துவிடுகின்றன. நமது ஆய்வுக்கு அதற்கப்பால் உள்ளதே முக்கியமானது.

கட்டடப் பொருள்கள் யாவும் அயலிலேயே கிடைத்தன. குடாநாட்டின் நிலமே சுண்ணக்கற் பாறை. கிணறு தோண்டியபோது வெளிவந்த கல்லே சுவராயிற்று. சுட்ட சுண்ணாம்பே சாந்தாயிற்று. பல பத்தாண்டுகள் நின்று வைரம் பாய்ந்த பனையே வளையாகவும் கைமரமாகவும் சலாகையாகவும் கூரையைத் தாங்கிற்று. முதலில் ஓலையாலும் பின்னர் அரைவட்ட நாட்டு ஓட்டாலும் வேயப்பட்ட கூரை, 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கப்பட்டதன் பின்னான காலத்தில் தட்டையோட்டுக்கு மாறத் தொடங்கியது. இங்கு அதனைக் கள்ளிக்கோட்டை ஓடு என்றனர். நான்கு கூரைகள் சந்திக்கும் உள்மூலைகளே இவ்வகை வீட்டின் பலவீனமான இடம். மாரியில் முதலில் ஒழுகுவதும் செப்பனிட ஓயாது ஆள் தேவைப்படுவதும் அங்கேதான். பொருள்கள் அயலிற் கிடைத்தன என்று கூறுவதோடு பலர் நின்றுவிடுவர். கல்லுடைத்தல், சுண்ணாம்பு சுடுதல், மரந் தறித்தல், ஆண்டுதோறும் வேலியடைத்தல், கூரை மேய்தல் என்பன தாமாக நிகழ்வனவல்ல. இவ்வீடு கட்டுவதற்கு மாத்திரமன்றி நின்று நிலவுவதற்கும் தொடர்ச்சியான, மலிவான அல்லது கூலியற்ற உழைப்பு வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் வழக்கமாகக் கூறப்படும் இரு விளக்கங்களை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. நடுமுற்றம் வெப்பக் காற்றை மேலெழச் செய்து வீட்டைக் குளிர்விக்கிறது, ஆகவே இது காலநிலைக்கேற்ற அமைப்பு என்பது ஒன்று. அது பொய்யன்று, ஆனால் போதியதுமன்று. அதே வெயிலும் அதே சோளகக் காற்றும் வயலோரத்து மண்குடிலின் மீதும் பட்டன. அங்கே நடுமுற்றம் தோன்றவில்லை. காலநிலை ஒரு வடிவத்தைச் சாத்தியமாக்கலாம். அது எவருக்குக் கிட்டுகிறது என்பதைத் தீர்மானிப்பது காலநிலையன்று. கேரளத்து நாலுகெட்டுடனும் தமிழகத்து முற்ற வீடுகளுடனும் உள்ள ஒப்புமையைக் கொண்டு தோற்றுவாய் தேடுவது மற்றொன்று. தேசவழமைச் சட்டத்தின் மலையாளத் தொடர்பு பற்றி எச். டபிள்யூ. தம்பையா முதலானோர் கூறியவற்றோடு இதனை இணைத்து நோக்கலாம். எனினும் ஒரு வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் அது எதற்குப் பயன்பட்டது என்பதே சமூக வரலாற்றாசிரியனின் வினாவாகும்.

நாற்சார் வீட்டைக் கட்டிய உபரி எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்து நிலவுடைமை பரந்த பண்ணைகளாலானதன்று. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு சில ஏக்கர்களே ஒருவரைப் பெருங்காணிக்காரர் ஆக்கப் போதுமானவை. அத்தகைய சிறு நிலத்திலிருந்து பெரு வீடு எழுந்தமைக்கு விளக்கம் புகையிலையில் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலும் (1658-1795) ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. செம்மண் தோட்டங்களில் விளையும் இப்பயிர் மழையை நம்பி நிற்பதன்று. நாள்தோறும் கிணற்றிலிருந்து இறைத்தாகவேண்டும். துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதித்தவர், கீழே பட்டை பிடித்தவர், வாய்க்காலில் நீர் மாறியவர் என ஓர் இறைப்புக்கே பலர் தேவைப்பட்டனர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகள் இங்கு கொண்டுவரப்பட்டமையையும் இவ்வுழைப்புத் தேவையின் பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் பணிப்பின் பேரில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1707இல் சட்டமாக்கப்பட்ட தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற சொத்து வகைகளோடு அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றன என்பது மனங்கொள்ளத்தக்கது. கோவியர், நளவர், பள்ளர் ஆகியோர் அங்கு உழைப்பாளிகளாக மாத்திரமன்றி உடைமையாகவும் நோக்கப்பட்டனர். நிலத்தோடும் வீட்டோடும் மனிதரும் முதுசமாகவும் சீதனமாகவும் கைமாறிய காலம் அது. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. விடுவிக்கப்பட்டோருக்கு நிலம் எதுவும் வழங்கப்படவில்லை. குடியிருக்கும் காணி பிறருடையதாகவும், குடிக்கும் நீர் பிறர் கிணற்றினதாகவும் இருக்கையில், சட்டம் அளித்த விடுதலை வளவின் வேலியைத் தாண்டி அதிக தூரம் செல்லவில்லை. அடிமை குடிமையாயிற்று, வேலை அதுவேயாயிற்று.

இப்பின்னணியில் வீட்டினை மீண்டும் ஒரு முறை நடந்து பார்ப்போம். சங்கடப்படலையின் தண்ணீர்ப் பானை விருந்தோம்பலின் சின்னமாகப் போற்றப்படுகிறது. அப்பானையில் எல்லோரும் கை வைக்க முடிந்ததா என்ற கேள்வி எழுப்பப்படுவதில்லை. படலை வரை வருவோர், முன்முற்றத்தில் நிற்போர், திண்ணையில் அமரத் தக்கோர், தலைவாசலிற் பாய் விரித்து இருத்தப்படுவோர், நடுமுற்றம் வரை செல்லும் உறவினர், சுவாமியறையும் அடுக்களையும் புகத்தக்க நெருங்கிய உரித்தாளர் என ஊரின் சாதி அடுக்கு முழுவதும் அவ்வீட்டின் படிகளில் அளந்து வைக்கப்பட்டிருந்தது. கோவியர் வீட்டினுள் வேலை செய்யலாம். நளவரும் பள்ளரும் தெருப்படலையாலன்றிக் கோடிப்பக்கத்தால் வந்து கோடியிலேயே நின்று போவர். வீட்டார் மூக்குப்பேணியில் வாய் படாது அண்ணாந்து குடித்தனர். கோடியில் நின்றவருக்குப் பனையோலைப் பிளாவிலோ சிரட்டையிலோ ஊற்றப்பட்டது. அவர் பயன்படுத்தியதை வீட்டாரின் பாத்திரங்களோடு சேர்க்க நேராதபடி இயற்கையே எறிந்துவிடத்தக்க ஏனத்தைத் தந்திருந்தது. பனையின் சிறப்புப் பாடுவோர் இப்பயன்பாட்டினைப் பாடியதாக நாம் அறியோம்.

நடுமுற்றம் குடும்பச் சடங்குகளின் களமாகும். அங்கேயே மணவறை இடப்படும். பிரேதமும் வீட்டு முற்றத்திலிருந்தே எடுக்கப்படும். இச்சடங்குகளில் வண்ணார் வெள்ளை கட்டுதலும், அம்பட்டர் தம் கடமைகளைச் செய்தலும் இன்றியமையாதன. அன்றாடம் அண்ட விடப்படாத உழைப்பாளர் அன்று அழைக்கப்பட்டே ஆகவேண்டும். அவர்களின்றி அக்குடும்பத்தின் கௌரவம் ஊரறிய நிறுவப்படாது. நாற்சார் வீடு இவ்வகையில் உறைவிடமாக மட்டும் இருக்கவில்லை. குடிமை உறவுகள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட அரங்கமாகவும் அது இருந்தது. மறுப்புத் தெரிவிக்க விரும்பிய குடிமகனுக்கு இருந்த வலிமையான ஆயுதம் அன்று வராதிருத்தல் என்பதையும், அதற்காக அவர் கொடுக்க நேர்ந்த விலையையும் வாய்மொழி வரலாறுகள் நிறையவே பேசுகின்றன.

ஆங்கிலேயப் பெருங்குடி மாளிகையோடு யாழ்ப்பாணத்து வீட்டை ஒப்பிடுவோர் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர். இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளைப் பற்றிய கவிதைகளை ஆராய்ந்த ரேமண்ட் வில்லியம்ஸ், நாட்டுப்புறமும் நகரமும் பற்றிய தமது நூலில் (1973), அவ்வழகிய தோற்றங்களுக்குப் பின்னே மறைக்கப்பட்ட உழைப்பினைச் சுட்டிக் காட்டினார். அவருடைய நோக்கு நமக்கு உதவுவதே. எனினும் ஆங்கில மாளிகை மூத்த மகன் வழியே பிளவுபடாது தலைமுறைகள் தாண்டிச் சென்றது. யாழ்ப்பாணத்தில் வீடு சீதனமாக மகளுக்குச் சென்றது. தந்தையின் பெயரால் அறியப்பட்ட வளவு அடுத்த தலைமுறையில் மருமகனின் பெயரால் அறியப்படலாயிற்று. மூன்று பெண்கள் உள்ள வீட்டில் வளவு மூன்றாயிற்று. சில இடங்களில் வீடே பங்காயிற்று. பழைய உறுதிகளை வாசிப்போர், வான்பயிர் செய்பயிர்களோடு கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் நுணுக்கமாக எழுதப்பட்டிருப்பதைக் காண்பர். ஒரே நடுமுற்றத்தின் குறுக்கே தட்டி அடைத்து இரு சகோதரிகள் இரு அடுப்பு மூட்டிய கதைகள் ஊர்தோறும் உண்டு. கூடி வாழ்ந்த குடும்பம் என்ற படிமத்தை உடைத்தது நவீன நாகரிகம் எனக் குறைகூறுவோர் இவ்வுறுதிகளைப் புரட்டிப் பார்த்தல் நன்று.

வீடு பெண்ணுக்குரியது என்பதனால் பெண் அங்கு ஆட்சி செய்தாள் என்று கொள்ளுதலும் தவறு. 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தனது சொந்த அசையாச் சொத்தையேனும் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி மனைவி உயிருடன் இருக்கையில் கைமாற்ற இயலாது. உறுதி அவளுடைய பெயரில், பெட்டகம் அவளுடைய அறையில். திறப்பு மட்டும் வேறிடத்தில். புகையடைந்த அடுக்களையே அவளுடைய நாளின் பெரும்பகுதி கழிந்த இடம். போர்த்துக்கேயரிடமிருந்து குசினி என்ற சொல் வந்ததன்றி அங்கு வெளிச்சமோ காற்றோ கூடுதலாக வரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலிலிருந்து இவ்வீட்டின் பொருளாதார அடிப்படை மாறத் தொடங்கியது. மிஷனரிக் கல்வியும் அதற்கெதிராக எழுந்த சைவக் கல்வியும் உருவாக்கிய ஆங்கிலங் கற்றோர் கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞராகச் சென்றனர். வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இல் காங்கேசன்துறை வரை நிறைவுற்றது. மணியோடர் பொருளாதாரம் எனப் பின்னர் கூறப்பட்ட அமைப்பு இக்காலத்தது. மலாயாப் பணம் கட்டிய வீடுகள் முன்விறாந்தையும் அகன்ற யன்னல்களும் கொண்டு தெருவை நோக்கின. நடுமுற்றம் சுருங்கியது அல்லது மூடப்பட்டது. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபின், அதே சுண்ணக்கல் வேறொரு வடிவில் வீட்டுக்கு வந்தது. பழைய நாற்சார் வீடு பேணுவதற்குச் செலவு மிக்கதாயிற்று. ஓட்டினை மாற்றவும் வேலியடைக்கவும் கூப்பிட்ட குரலுக்கு வந்தோர் இப்போது கூலி கேட்டனர், அல்லது வரவில்லை. குண்டு விழுவதற்கு ஒரு தலைமுறை முன்னரே நாற்சார் வீடு சரியத் தொடங்கிவிட்டது என்பது நமது கருத்து. அதன் கூரை மூலைகளில் ஒழுகியது மழைநீர் மட்டுமன்று. அவற்றைச் செப்பனிட்ட உழைப்பும் அவ்வழியே வெளியேறிக்கொண்டிருந்தது.

ஈழத்துத் தமிழ் நவீன இலக்கியம் இவ்வீட்டினை எப்பக்கமிருந்து கண்டது என்பது தனியே ஆராயத்தக்கது. முற்போக்கு எழுத்தாளரின் வருகைக்கு முன்னர் அது பெரும்பாலும் தலைவாசல் வழியாகவே கதைகளுள் நுழைந்தது. டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' (1960), செ. கணேசலிங்கனின் 'நீண்ட பயணம்' (1965), கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) ஆகிய படைப்புகள் வந்தபோதே கோடிப்புறம் கதையின் மையமாயிற்று. இவற்றின் கலைத்தரம் பற்றி அன்று எழுந்த விவாதங்களை இங்கு மீட்டுரைக்கத் தேவையில்லை. மொழி கொச்சையென்றும் பிரசாரமென்றும் குறைகண்டோர் எந்த வாசலால் இலக்கியத்துள் வந்தவர்கள் என்பதை மட்டும் குறித்துச் செல்கிறோம்.

1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து தொடங்கிய ஊர்வலத்தின் பின் எழுந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும், 1968இன் மாவிட்டபுர நிகழ்வுகளும் பொது இடங்களைத் திறக்க முயன்றவை. கோவில், கடை, பாடசாலை, பொதுக்கிணறு என்பன சட்டத்தின் எல்லைக்குள் வந்தன. வீட்டு வாசல் வரவில்லை, வர முடியவுமில்லை. தெருவில் இடமிழந்த சாதியாசாரம் வளவினுள் ஒதுங்கிக்கொண்டது. அங்கு அதனை அசைத்தது இயக்கங்களின் நேரடித் தாக்குதலைவிட, கோடிப்பக்கத்தால் வருவதற்கு இளைய தலைமுறை மறுத்தமையே. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமோ ஐம்பது ஏக்கர் உச்சவரம்பைக் கொண்டது. பரப்புக் கணக்கில் நிலம் வைத்திருந்த யாழ்ப்பாணத்தில் அதனால் உடைமை உறவுகள் பெரிதும் மாறவில்லை.

போர் பற்றிச் சுருக்கமாகவேனும் கூறாது விட முடியாது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அப்பகுதியின் பெரும்பாகம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. சீமெந்துத் தொழிற்சாலையும் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சோனகத்தெருவின் வீடுகள் கதவிழந்து நின்றன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே ஓரிரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. ஆளற்ற வீடுகளின் கதவு, நிலை, வளை, ஓடு யாவும் கழற்றப்பட்டன. பிற்காலத்தில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிச் சென்று உரிமை கோருவதற்கு உறுதி வேண்டியிருந்தது. மல்லாகம், சுன்னாகம் போன்ற இடங்களின் நலன்புரி முகாம்களில் நெடுங்காலம் எஞ்சியிருந்தோருள் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதியாக இருந்தமையைக் கள ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. அவர்களிற் பலர் தலைமுறை தலைமுறையாகப் பிறர் காணியிற் குடியிருந்தோர். திரும்புவதற்கு ஓர் இடம் அவர்கள் பெயரில் எழுதப்பட்டிருக்கவில்லை. 1844இல் நிலமின்றி அளிக்கப்பட்ட விடுதலையின் கணக்கு நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னும் தீர்க்கப்படாதிருந்தது.

எஞ்சிய நாற்சார் வீடுகளைப் பேணவேண்டும் என்ற குரல் இன்று வலுத்துள்ளது. சில விருந்தினர் விடுதிகளாகவும் புதுவாழ்வு பெற்றுள்ளன. பல வீடுகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சிதறியுள்ள பங்காளர் அனைவரின் கையெழுத்தும் கிட்டாமையால் பூட்டியபடி கிடக்கின்றன. பேணுதலை நாம் எதிர்க்கவில்லை. கல்லுடைத்தவனின் கைவேலையும் தச்சனின் உளிவேலையும் அச்சுவர்களில் உண்டு, அவை அழியவிடத்தக்கனவல்ல. ஆனால் செப்பனிடும்போது எவை முதலில் இடிக்கப்படுகின்றன என்பதை நோக்கவேண்டியுள்ளது. நடுமுற்றமும் தூண்களும் மெருகிடப்படுகின்றன. மாட்டுக் கொட்டிலும் புகையிலைக் குடிலும் கோடிப்படலையும் வாகனம் நிறுத்துவதற்காக அகற்றப்படுகின்றன. அளவெடுத்து வரைபடம் தயாரிக்கும் கட்டடக்கலை மாணவரும் வரலாற்று மாணவரும் இணைந்து, வளவினை அதன் பின்வேலி வரை, கிணற்றடி வரை, ஆட்கள் வந்துபோன ஒற்றையடிப் பாதை வரை பதிவுசெய்தல் வேண்டும். அவ்வழியால் வந்தோரும் அவர்தம் பிள்ளைகளும் இன்னும் அயலிலேயே வாழ்கின்றனர். எந்தக் கிணற்றில் யார் அள்ளினர், எந்தப் பூவரச மரத்தின் கீழ்ப் பிளா ஏந்தி நின்றனர் என்பதை இடஞ்சுட்டிக் கூறக்கூடியோர் அவர்களுள் முதியோர் சிலரே.